ஓடத்துறையில் எண்ணிய ஏழு நாட்கள்

போன ஐப்பசியில் என் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு பேர் புத்தூரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் எனக்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்கள். ஒருவர் இப்போது சூபர்வைசர். ஜீயபுரத்துக்கு எதிரே காவேரியில் பாலம் கட்டலாமா என்று மறுபடியும் பேச்சு எழுந்திருக்கிறதாம். அதற்கு முன்னால் ஓடத்துறையில் போக்குவரத்தை எண்ணிச் சொல்லும்படி உத்தரவு வந்திருக்கிறதாம்.

"நாள் கிழமையெல்லாம் உங்களுக்குத்தான் சார் அத்துப்படி. எந்த வாரத்துல எண்ணினா நல்லதுன்னு சொல்லுங்க," என்றார் சூபர்வைசர்.

காப்பி கொடுத்தேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் கேட்டது ஒரு வரியில் சொல்லக்கூடிய விஷயம். ஆனால் அதே கேள்விக்கு நான் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இன்னொரு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் வேலையில் சேர்ந்தது 1922-இல். ரஸ்தா, மதகு, ஓடத்துறை இவற்றைக் கவனிக்கும் ஓர் எஞ்சினீயரிங் ஆபீஸ் அது. முதல் சில வருஷங்கள் நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தேன், மட்டம் பார்த்தேன், வரைபடங்களுக்கு மை போட்டேன். பிறகு என்னைப் போக்குவரத்துக் கணக்குக்கு மாற்றினார்கள். அதற்குக் காரணம் என் கையெழுத்தும், தேதிகளில் எனக்கு இருந்த பைத்தியமும். பதினெட்டு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறவன் நான். பழைய பஞ்சாங்கங்களை வருஷ வாரியாகக் கட்டி அடுக்கி வைத்திருந்தேன். சரித்திரப் புத்தகம் எதையாவது படிக்கும்போது தேதி பிசகியிருந்தால், ஓரத்தில் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவேன்.

பாலம் வேண்டும், ரஸ்தா வேண்டும் என்று ஓர் ஊரார் மகஜர் அனுப்பினால், அது அவசியமா இல்லையா என்று தீர்மானிக்க அன்றைக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, ஏழு நாள், காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை உட்கார்ந்து எண்ண வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி, வெறும் வண்டி, மோட்டார், சைக்கிள், மாடு, தலைச்சுமை என்று படிவத்தில் கட்டங்கள் இருக்கும். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம். கடைசியில் எல்லாவற்றையும் எடையாக மாற்றி, தினசரி இத்தனை டன் என்று ஒரே எண்ணில் கொண்டுவந்து முடிப்போம். தலைச்சுமைக்கு எடை உண்டு; அதைச் சுமக்கிறவருக்கு எடை கிடையாது. கையை வீசிக்கொண்டு போகிறவருக்குக் கட்டமே கிடையாது. அவரைக் ‘குறிப்பு’ என்ற கடைசிக் கட்டத்தில் எழுதலாம், எழுதாமலும் விடலாம். இதெல்லாம் எனக்கு அப்போது விசித்திரமாகவே தோன்றவில்லை.

இதில் ஒரு விதி இருந்தது. திருவிழா, சந்தை முதலிய அசாதாரணமான கூட்டம் உள்ள நாட்களை விலக்கி, சாதாரணமான ஏழு நாட்களை எடுக்க வேண்டும். கோயில் உற்சவத்து ஜனத்தைக் காட்டி எந்த ஊரும் பாலம் வாங்கிவிடக் கூடாது என்பதற்கான விதி அது. நியாயமான விதிதான்.

அந்த நாட்களில் எனக்கு மேலே இருந்த எஞ்சினீயர் வரதாச்சாரியார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. தினம் காவேரிப் பாலத்தைத் தாண்டி ஆபீஸுக்கு வருவார். பளிச்சென்ற திருமண், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, தலைப்பாகை. யாரையும் உரக்கத் திட்டியதில்லை. ஆனால் அவர் மேஜைக்கு ஒரு காகிதத்தைக் கொண்டுபோவதற்கு முன் நாங்கள் கூட்டலை மூன்று முறை சரிபார்ப்போம். நாங்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து சிவப்பு மையும் கறுப்பு மையுமாக எழுதிய சுத்தப் பிரதியை அவர் திறக்கவே மாட்டார். ஓரமாக நகர்த்தி வைப்பார்.

"இது இருக்கட்டும். அழுக்குப் பிரதியைக் கொண்டாரும்."

கொட்டகையில் வைத்து எழுதின நோட்டைத்தான் அழுக்குப் பிரதி என்பார். மண்ணும் வெற்றிலைக் கறையும் படிந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். எங்கே அடித்திருக்கிறதோ அங்கே விரலை வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்துவார். ஏன் அடித்தோம் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும் வரை விரலை எடுக்க மாட்டார். எத்தனையோ தப்பான ரஸ்தாக்கள் அந்த விரலுக்கு அடியில் நின்றுபோயின. போட வேண்டிய ஒன்றிரண்டு ரஸ்தாக்கள் அந்த விரலால் பிழைத்தன.

ஜீயபுரத்துக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கம் தீவின் மேல்கோடியில் சில கிராமங்கள் இருக்கின்றன. வாழையும் நெல்லும் விளைகிற பூமி. அவற்றில் ஒரு கிராமத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயரைச் சொல்லவில்லை, சம்பந்தப்பட்டவர்களின் உறவினர் அங்கே இருக்கிறார்கள். அங்கிருந்து திருச்சிக்கு வர இரண்டு வழி. கரை ரஸ்தா வழியாக மாட்டு வண்டியில் ஸ்ரீரங்கம் வந்து, பாலத்தைத் தாண்டி வருவது ஒன்று. மழைக்காலத்தில் போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள் ஆகிவிடும். ஆற்றைக் கடந்து ஜீயபுரம் வந்து, ரயிலோ பஸ்ஸோ பிடிப்பது மற்றொன்று. கோடையில் மணலில் நடந்து ஒரு வாய்க்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி ஏறினால் போதும். காலையில் கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பலாம். ஆடியில் புதுத் தண்ணீர் வந்துவிட்டால் ஓடம்தான். ஓடமும் ஆள் சேர்ந்தால்தான் எடுப்பார்கள்.

பாலம் கேட்டு அந்தக் கிராமங்களின் மகஜர் 1930-இல் வந்தது. எண்ணும் வாரத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வரதாச்சாரியார் என்னிடம் விட்டார். வழக்கமாக இரண்டு வாரங்களைக் குறித்துக்கொண்டு போவோம். அவர் ஒன்றில் டிக் போடுவார். இந்தத் தடவை நான் போனபோது, "நீரே தீர்மானியும் பிள்ளைவாள். நான் இதுல ஒண்ணும் சொல்றதுக்கில்லை," என்று வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார். என் பஞ்சாங்க ஞானத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

விதியை நான் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன். சித்திரையில் தேர், தள்ளினேன். வைகாசி, ஆனியில் முகூர்த்தங்கள். ஆவணியிலும் அப்படியே. புரட்டாசியில் பெருமாள் கோயில் சனிக்கிழமைகள், ஐப்பசியில் துலா ஸ்நானமும் தீபாவளியும், கார்த்திகையில் தீபம், மார்கழியில் ஏகாதசி, தையில் பொங்கலும் அறுவடையும், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம். எல்லாவற்றையும் கழித்தபோது ஆடிக் கடைசி வாரம் மிஞ்சியது. பெருக்கு முடிந்திருக்கும். அமாவாசையும் பௌர்ணமியும் போயிருக்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது, குடி போவது கிடையாது. ஆற்றில் தண்ணீர் இருக்கும், வெள்ளம் இருக்காது. ஒரு மாசும் இல்லாத ஏழு நாட்கள். கண்டுபிடித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை டைரியில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை இப்போது என்னால் படிக்க முடிவதில்லை.

ஒரே ஒரு தொந்தரவு, நடுவில் வந்த செவ்வாய்க்கிழமை. ஜீயபுரத்துப் பக்கம் சந்தை கூடுகிற நாள். ஏழு நாள் தொடர்ந்து எண்ணினால் ஒரு செவ்வாய் வந்தே தீரும். அதற்கும் வழி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, செவ்வாயை விட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு வரை எண்ணி ஏழாக்கினேன்.

துறையில் ஓடம் ஓட்டியவர் மருதை. நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், கணீரென்ற குரல். முதல் நாள் காலையில் கொட்டகைக்கு வந்து, கோடு போடுகிற நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குங்க?"

"பாலம் கட்டலாமான்னு பாக்கறதுக்கு."

"கட்டட்டுங்க. நல்ல காரியம்."

"பாலம் வந்தா நீ என்ன பண்ணுவே?"

"நானும் அது மேல நடந்து போவேன்," என்றார் மருதை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ காதர் ராவுத்தர் வந்தார். கோட்டைப் பக்கத்தில் வாழை இலை மண்டி வைத்திருந்தவர். இலைக்கட்டு எடுக்க வாரத்தில் இரண்டு தடவை துறைக்கு வருவார். கொட்டகை நிழலில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தார். ஓடம் அந்தக் கரையில் கட்டிக் கிடந்தது. மனித அரவமே இல்லை. ஊர் முழுவதும் நடவு வயலில் இருந்தது.

"என்ன பிள்ளை, நேத்து சந்தைக்கு நிக்க இடமில்லாம சனம் வந்துச்சு. நீங்க ஆளையே காணோம்?"

"சந்தை நாளை எண்ணக் கூடாதுங்க ராவுத்தர். ரூல் அப்படி."

"நல்லாயிருக்கு உங்க ரூலு. பந்தி முடிஞ்சு எலை எடுத்தப்புறம் வந்து எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு எண்ணுற மாதிரில்ல இருக்கு."

என்னோடு எண்ண வந்திருந்த ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. படிக்காத மனிதருக்கு முறை என்றால் என்னவென்று எப்படித் தெரியும் என்று நினைத்தேன். அழுக்குப் பிரதியில் அந்தச் செவ்வாய்க்குரிய பக்கத்தை, குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தேன்.

சுத்தப் பிரதியை எழுதி முடித்து, வழக்கப்படி அழுக்குப் பிரதியையும் கையில் எடுத்துக்கொண்டு வரதாச்சாரியாரிடம் போனேன். அவர் சுத்தப் பிரதியைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நான் மற்ற நோட்டை நீட்டினேன்.

"வேண்டாம். நீர் பண்ணினது சரியாத்தான் இருக்கும்," என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்காதது அந்த ஒரு முறைதான். நான் பெருமையோடு வெளியே வந்தேன்.

மறு வருஷம் பங்குனியில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. இப்போதுள்ள போக்குவரத்தைப் பார்த்தால் பாலத்துக்கு அவசியம் காணவில்லை என்று இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு நாங்கள் கொடுத்த எண் அப்படி. ஃபைலைக் கட்டிப் பீரோவில் வைத்தது நான்தான்.

அந்த ஐப்பசியில், துறையில் மண் சரிந்த இடத்தைப் பார்த்து வரச் சொல்லி என்னை ஜீயபுரத்துக்கு அனுப்பினார்கள். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. துறையில் ஒரு கம்பம் நட்டு, அதில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் ஓடம் எடுக்கக் கூடாது. தொட்டிருந்தது. மருதை கரையில் குந்தியிருந்தார். எதிர்க்கரையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அந்த அம்மாள் முகத்தின் ஒரு பக்கத்தை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

"காலையிலேருந்து நிக்கிறாங்க," என்றார் மருதை. "வர முடியாதுன்னு கையைக் காட்டிட்டேன். போக மாட்டேங்கிறாங்க. போன மாசமும் இப்படித்தான் நின்னுட்டுத் திரும்பினாங்க. ஆசுபத்திரிக்குப் போவணும் போல. கண்ணு."

"யார் அது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரியாதுங்களா? உங்க பெரிய ஐயாவோட தங்கச்சிங்க. அவரு மாசத்துக்கு ஒருக்கா இந்தத் துறை வழியாத்தானே வந்துட்டுப் போறாரு."

நான் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் திரும்பி வாழைத் தோட்டத்துக்குள் போய்விட்டார்கள்.

மறுநாள் ஆபீஸில் வரதாச்சாரியாரிடம் போனேன். அவரிடம் சொந்த விஷயம் யாரும் பேசியதில்லை. எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"துறைக்குப் போயிருந்தீரோ?" என்று அவரே கேட்டார்.

"ஆமாம் சார். எதிர்க்கரையில உங்க தங்கையைப் பார்த்தேன்."

அவர் பேனாவை மூடினார். "கோமளம்," என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். கோமளத்தம்மாளின் கணவர் அந்தக் கிராமத்துப் பெருமாள் கோயிலில் ஆராதனம் செய்பவர். பெருமாளுக்குத் தளிகை, அதாவது நைவேத்தியத்துக்கான சமையல், செய்வது அந்த அம்மாள். வீட்டில் வேறு பெண்பிள்ளை கிடையாது. போன வருஷம் வைகாசியில் விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். திருச்சியில் கண் டாக்டரிடம் காட்டியதில், கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்தே ஆக வேண்டும் என்றாராம். மணலில் நடந்து இரண்டு தடவை வந்தாள். பிறகு ஆடி வந்துவிட்டது.

"ஸ்ரீரங்கத்துல உங்க வீட்டுலயே வந்து இருக்கக் கூடாதா சார்?"

"கூப்பிட்டேன். பெருமாளைப் பட்டினி போட்டுட்டு வரமாட்டேங்கறா. காலம்பரத் தளிகை பண்ணிட்டுக் கிளம்பி, சாயரட்சைக்குள்ள திரும்ப முடிஞ்சா வரேங்கறா. ஓடத்தை நம்பி எப்படி அந்த மாதிரிச் சொல்ல முடியும்? இடது கண் போயிடுத்து பிள்ளைவாள். வலது கண்ணுல ஆரம்பிச்சிருக்கு."

"சார், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீர் என்ன பண்ணியிருப்பீர்? கூட ரெண்டு வண்டி போட்டிருப்பீரோ?"

அவர் பேனாவை மேஜையில் வைத்தார்.

"அதுக்குத்தான் சொல்லலை. என் தங்கை ஊருக்கு நானே பாலம் கட்டிண்டேன்னு ஒருத்தன் சொல்லப்படாது. அதனால அந்தக் காகிதத்துல நான் கையே வைக்கலை. அழுக்குப் பிரதியைக்கூடப் பார்க்கலை. பார்த்தா கேள்வி கேப்பேன். கேட்டா நீர் மாத்துவீர்."

என் இடத்துக்குப் போய் அந்த நோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்து வைத்தேன். குறுக்கே கோடு போட்ட செவ்வாய். அவர் வழக்கம்போல விரலை வைத்தார். நான் சொன்னேன். சந்தையை ஏன் விலக்கினேன், மற்ற மாதங்களையெல்லாம் எப்படித் தள்ளினேன், எதற்காக ஆடிக் கடைசியை எடுத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. அந்த ஜனங்கள் ஆற்றைக் கடப்பது சந்தைக்கும், கல்யாணத்துக்கும், கோயிலுக்கும், அறுவடை நெல்லை விற்கவும்தான். அதையெல்லாம் அசாதாரணம் என்று கழித்துவிட்டு, யாரும் எங்கும் போகாத ஏழு நாட்களைத் தேடிப் பிடித்து, அதற்கு சாதாரணம் என்று பெயர் வைத்திருக்கிறேன். காதர் ராவுத்தருக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு கோடும் பொய்யாகப் போடவில்லை. கூட்டலில் பிழை இல்லை.

நான் முடித்த பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை.

"வேற யார் ஊரா இருந்தாலும் இதை அன்னிக்கே கேட்டிருப்பேன்," என்றார்.

மறுபடியும் எண்ண அனுமதி கேட்டு அன்றே எழுதினார். கடிதத்தின் முதல் வரியிலேயே, தம் தங்கை அந்தக் கிராமத்தில் வசிப்பதையும் எழுதினார். ஒருமுறை முடிவான விஷயத்தை ஐந்து வருஷத்துக்குத் திறக்க வேண்டாம் என்று பதில் வந்தது. ஐந்து வருஷம் முடிவதற்குள் அவர் ரிடையராகிவிட்டார். 1937-இல், மாசி மாதம், காலமானார். கடைசியாக நான் பார்க்கப் போனபோது, துறையில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று கேட்டார். அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

அதற்கு முந்தைய வருஷமே நான் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தேன். யாரும் உத்தரவிட்டதல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆற்றைத் தாண்டி அந்தக் கிராமத்துக்குப் போவேன். வீடு வீடாக ஒரே கேள்வி. போன மாதத்தில் அக்கரைக்குப் போக வேண்டியிருந்தும் போகாமல் விட்டது எத்தனை தடவை? எதற்காக? ஒரு புது நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். துறையில் உட்கார்ந்தால் வந்தவர்களைத்தான் எண்ண முடியும். வராதவர்களை எண்ண வேண்டுமானால் நாம்தான் அவர்கள் வாசலுக்குப் போக வேண்டும் என்பது எனக்குப் பதினான்கு வருஷ உத்தியோகத்துக்குப் பிறகு புத்தியில் ஏறியது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "வராத ஆளுக்கெல்லாம் கணக்கா? எங்க வீட்டுக்காரரு ரெண்டு வருஷமா வயலுக்கே வரலை, அதையும் எழுதிக்குங்க," என்றாள் ஒருத்தி. துறையில் காதர் ராவுத்தர் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு ஆளில்லாத நாளா எண்ணுனீங்க, இன்னிக்கு ஆளே இல்லாம எண்ணுறீங்க. உங்க ஆபீஸ்ல ஆளைப் பார்த்து எண்ணுறதே கிடையாதா பிள்ளை?" என்றார். ஆனால் பதில் சொல்லாமல் யாரும் அனுப்பவில்லை. பள்ளிக்கூடம். கோர்ட்டு வாய்தா. பேரன் காது குத்து. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்தது, போகவில்லை. பழுத்துவிட்ட வாழைத்தார். எழுத எழுத இரண்டு பக்கமும் நிறைந்தது.

கோமளத்தம்மாள் வீட்டுக்கு முதல் தடவை போனபோது, அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து, இருந்த ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அண்ணாவின் சாடை அப்படியே இருந்தது.

"அண்ணா ஆபீஸ் பிள்ளைவாளா? வாங்கோ. அண்ணா சொல்லியிருக்கா. தேதி தப்பாம எழுதறவர்னு."

நான் கேள்வியைக் கேட்டேன்.

"மாசம் ரெண்டு தடவை போகணும். போகலை. எழுதிக்கோங்கோ. காரணம், கண்."

எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு மாதமும் அந்த வீட்டுக்கு நேரே இரண்டு என்றும், கண் என்றும் எழுதினேன். தண்ணீர் வற்றிய மாதங்களில் ஒன்று என்றும் இருக்கும். ஒரு தடவை போய் வந்திருப்பார். பதில் சொல்லும்போது முறையிடுகிற குரலில் ஒருநாளும் சொன்னதில்லை. "பாலம் வந்தா முதல் நாளே வருவேன், என்னை முதல்ல எண்ணணும்," என்று ஒரு தடவை சிரித்தார்.

ஒன்றைத் தேதிப்படி சொல்லிவிட வேண்டும். 1930-இல் நான் சரியாக எண்ணியிருந்தாலும், பாலம் கட்டி முடிய மூன்று நான்கு வருஷமாவது ஆகியிருக்கும். இடது கண்ணை அது காப்பாற்றியிருக்காது. வலது கண்ணுக்கு நேரம் இருந்தது. பலமுறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டேன். நேரம் இருந்தது.

மூன்று வருஷ நோட்டையும் சேர்த்து, அறிக்கை எழுதி, 1939 ஆவணியில் புது எஞ்சினீயரிடம் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர். படித்துப் பார்த்து மேலே அனுப்பினார். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. இரும்பும் சிமெண்டும் வேறு காரியங்களுக்குப் போயின. நோட்டு அப்படியே திரும்பி வந்தது. போகாதவர்களின் கணக்குக்குப் படிவத்தில் இடமில்லை என்று ஓரத்தில் ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார். தேதி போடவில்லை.

ஆகையால் சூபர்வைசருக்கு என் பதில் இதுதான். நல்ல வாரம் என்று ஒன்று கிடையாது. ஒரு வருஷம் முழுவதும், மாதத்துக்குச் சில நாளாக எண்ணுங்கள். சந்தையையும் முகூர்த்தத்தையும் திருவிழாவையும் சேர்த்து எண்ணுங்கள். வெள்ளத்தில் ஓடம் நின்ற நாட்களில் எதிர்க்கரையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கை வீசி நடக்கிறவருக்கு ஒரு கட்டம் போடுங்கள். பிறகு வீடு வீடாகப் போங்கள். உங்களில் யாருக்காவது அந்த ஊரில் சொந்தம் இருந்தால், அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்; எழுதிவிட்டுக் கேள்வியையும் கேளுங்கள். ஒதுங்கி நிற்பது நேர்மை என்று நினைத்து விரலை எடுத்துவிடாதீர்கள்.

என் நோட்டு திரும்பி வந்த பிறகும் நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். 1941-இல், தை மாதத்து ஞாயிறு ஒன்றில், இடையில் உடம்பு சரியில்லாமல் நான்கைந்து மாதம் விட்டுப்போன பிறகு, ஆற்றைத் தாண்டிப் போனேன். மருதைதான் ஓடம் விட்டார்.

கோமளத்தம்மாள் கூடத்தில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் காலடி கேட்டு முகத்தை நிமிர்த்தினார். முகம் என் பக்கமாகத் திரும்பியது. ஆனால் பார்த்தது எனக்குச் சற்றுத் தள்ளி.

"பிள்ளைவாளா? நடையே சொல்றது. ஞாயித்துக்கிழமையா இன்னிக்கு?"

"ஆமாங்க."

"உக்காருங்கோ. நோட்டுப் புஸ்தகம் கொண்டுவந்திருப்பேளே."

கொண்டுவந்திருந்தேன். பையிலிருந்து எடுக்கவில்லை. அவருடைய விரல்கள் முறத்தில் ஒரு கல்லைக் கண்டுபிடித்து ஓரமாக வைத்தன.

"இனிமே என்னைக் கணக்குல சேக்காதீங்கோ," என்றார். "எனக்கு அக்கரையில ஒரு வேலையும் இல்லை."

எதையும் ஊகித்து எழுதக்கூடாது, கேட்டதைத்தான் எழுத வேண்டும் என்பது என் முறை. துறைக்குத் திரும்பி வந்து, ஓடத்துக்கு ஆள் சேரும் வரை உட்கார்ந்திருந்தபோது நோட்டைத் திறந்தேன். அந்த வீட்டுக்கு நேரே தேதி போட்டு, பூஜ்யம் என்று எழுதினேன். அது சரியான கணக்குத்தான்.